கறள் பிடித்த பெற்றோல் தாங்கியை எறிவதா, காப்பாற்றுவதா?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு, பழைய கார்களின் பெற்றோல் தாங்கியில் பிடிக்கும் கறளைப் பற்றியே கேட்டிருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அப்பாவிடம் 1960களில் தயாரான மொறிஸ் மைனர் கார் ஒன்று உள்ளது. போரின்போது பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டி, பிரசவத்துக்கும் பாம்புக் கடிக்கும் ஊராரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றவர் அவர். 2009 இடப்பெயர்வில் மாமரத்தின் கீழ் விட்டுப் போன கார், நாங்கள் மீளக் குடியேறியபோது ரயர்களும் கண்ணாடியும் இல்லாமல் அதே இடத்தில் நின்றது. திருத்தி ஓடினோம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கொட்டிலில் நிறுத்தியது அப்படியே நின்றுவிட்டது. இப்போது புதிய பற்றறி போட்டு, புதிய பெற்றோல் விட்டால் உடனே ஸ்ராட் ஆகிறது. இரண்டு மைல் போவதற்குள் திணறி நிற்கிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது. பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் கிண்ணத்தில் சிவப்புத் தூள் படிந்திருந்தது. தாங்கியை எறிந்துவிட்டு, பொனற்றுக்குள் ஒரு பிளாஸ்ரிக் கானை வைத்துக் குழாய் கொடுக்கலாம் என்கிறார் கராச்காரர். அப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை. என்ன செய்யலாம்? (வட்டக்கச்சி வாசகர்)

பதில்: உங்கள் அப்பா சம்மதிக்காதது சரியான முடிவு. மைனரின் இயந்திரத்தில் காபரேற்றரும் புகை வெளியேறும் சூடான குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றன. அந்த இடத்தில் பிளாஸ்ரிக் கானில் பெற்றோலை வைத்து ஓடுவது, அடுப்பின் மேல் பெற்றோலைத் தொங்கவிடுவதற்குச் சமம். தடைக் காலத்தில் சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றரில் சில துளிகள் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவர்கள் நாங்கள் எல்லோரும். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளே குற்றம் எங்கே என்பதைச் சொல்லிவிடுகின்றன. குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும் துருசின் வாயில் சருகும் தாவரமும் வந்து அடைத்தால் வாய்க்கால் காய்ந்துவிடும் அல்லவா? அதுவே இங்கே நடக்கிறது. பம்ப் இழுக்க இழுக்க, தாங்கியின் அடியில் கிடக்கும் கறள் செதில்கள் உறிஞ்சு குழாயின் வாயில் வந்து ஒட்டிக்கொள்கின்றன, கார் நின்று இழுவை ஓய்ந்ததும் அவை விலகி மீண்டும் அடியில் படிகின்றன, வழி திறக்கிறது. மைனரின் மின் பம்ப் இதைக் காதுக்கும் கேட்கச் செய்யும். தாங்கி வெறுமையாகிக் காற்றை இழுக்கும்போது அதன் 'டிக் டிக்' ஓசை மிக வேகமாக அடிக்கும். உறிஞ்சும் வழி அடைபட்டால் ஓசை மெதுவாகி, இறுதியில் நின்றுவிடும். ஆனால் தாங்கிக்குள் காற்று போகும் துவாரம் அடைபட்டாலும் ஏறத்தாழ இதே நிலைதான் ஏற்படும். ஆகவே அடுத்த முறை கார் நிற்கும் அதே இடத்தில் இறங்கி, பெற்றோல் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே கார் ஓடத் தொடங்கினால், அந்தத் துவாரத்தையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். கிண்ணத்தில் சிவப்புத் தூள் கிடந்தபடியால் தாங்கியைக் கழற்றுவது எப்படியும் தவிர்க்க முடியாதது.

கறள் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாக நிரம்பிய தாங்கியின் மேற்பகுதியில் காற்று நிற்கிறது. பகல் வெயிலில் விரிந்து வெளியேறும் அந்தக் காற்று, இரவின் குளிர்ச்சியில் சுருங்கும்போது வெளியில் இருக்கும் ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் தகட்டில் வியர்த்துச் சொட்டி, பெற்றோலை விடப் பாரமானது என்பதால் அடியில் போய்த் தங்குகிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை எங்கள் பகுதியில் பெய்யும் மழையை நினைத்தால், கொட்டிலில் நின்ற ஆண்டுகளில் உள்ளே சேர்ந்த நீர் எவ்வளவாக இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். அதனால் கறள் இரண்டு இடங்களில் இருக்கும்: காற்று நின்ற மேற்சுவரிலும், நீர் நின்ற அடித்தட்டிலும். அடித்தட்டுக் கறள்தான் ஓட்டை போடுவது.

தாங்கியைத் திறந்த வெளியில் வைத்தே கழற்றுங்கள். முதலில் பற்றறியின் தொடர்பை எடுத்துவிடுங்கள். அடியில் உள்ள வடிகால் ஆணியை நழுவாத வளைய ஸ்பானரால் திறந்து, மிஞ்சியிருக்கும் பெற்றோலை உலோகப் பாத்திரம் ஒன்றில் இறக்குங்கள். ஆணி அசையாவிட்டால் அடித்துத் திறக்காமல், கறள் நீக்கும் எண்ணெயை விட்டு ஒரு நாள் பொறுத்திருங்கள். பின்னர் டிக்கிக்குள் இருக்கும் பெற்றோல் அளவுமானியின் வயர்களையும் சிறு திருகாணிகளையும் கழற்றுங்கள். அந்த வட்டத் துவாரம்தான் தாங்கிக்குள் பார்ப்பதற்கான உங்கள் சன்னல். பழைய பெற்றோல் புளித்த வார்னிஷ் போல மணக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினால், மேலே கிரவல் பொடி போன்ற தூளும், அடியில் நகத்தளவு செதில்களும் தட்டுப்படும். வெறும் விரலால் தடவ வேண்டாம், கையுறை போடுங்கள். பழைய தாங்கிகள் பலவற்றின் உட்புறத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. பெற்றோலிலும் ஈயம் கலந்திருந்தது, இலங்கையில் அது நிறுத்தப்பட்டதே 2002இல் தான்.

அடுத்ததாக, தாங்கியைப் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் விட்டு, மணம் போகும் வரை நான்கைந்து தடவை குலுக்கிக் கழுவுங்கள். வெளிப்புறத்தில் ஒட்டிக் காய்ந்த சேற்றைச் சுரண்டி எடுங்கள். கழுவி முடித்த பின்னர் மட்டும், இருட்டிய அறையில் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்றை உள்ளே விட்டு வெளியே பாருங்கள். ஒளிப் புள்ளிகள் தெரிந்தால் அவை ஓட்டைகள். தெரியாவிட்டாலும் அடித்தட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பப்படம் போல நொய்ந்து கொடுத்தால் அந்தத் தகட்டில் உயிர் இல்லை. அழுத்தத்துக்கு அசையாமல், ஸ்குறூ டிறைவரின் மரப்பிடியால் தட்டும்போது கணீரென்று கேட்டால், அந்தத் தாங்கி இன்னும் பல ஆண்டு உழைக்கும். மண்ணெண்ணெயில் ஓடிய தாங்கிகளின் அடித்தட்டில் எண்ணெய்ப் படலம் தங்கி அதைக் காத்திருக்கவும் கூடும் என்பதால் எனக்கு நம்பிக்கை உண்டு.

செதில்களை உதிர்ப்பதற்குச் சிறு சங்கிலி நல்லது. இரண்டு முழம் மெல்லிய இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைக் கம்பியால் வெளியே கட்டிவைத்து, ஒரு லீற்றர் சோப்பு நீருடன் உள்ளே விட்டு, தாங்கியை ஒரு பழைய மெத்தையின் மேல் வைத்து எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். பலர் கூரிய சல்லிக்கல் போடுவார்கள். தாங்கிக்குள் பெற்றோல் அலைமோதாமலிருக்கத் தடுப்புத் தகடு இருந்தால், அதன் பின்னால் சிக்கிய கல்லை எடுக்க ஒரு நாள் போய்விடும். நட்டுகள் போடுவதானால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்.

ஒட்டிப் பிடித்த கறளுக்கு இரண்டு வழிகளை நான் நம்புகிறேன். முதலாவது புளிப்பு. வினாகிரியைத் தாங்கி நிறைய விட்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ ஊற வைத்தால் கறள் கரையும். பிற்காலத்து மைனரின் தாங்கி ஆறரைக் கலன், அதாவது ஏறத்தாழ 30 லீற்றர் கொள்வது என்பதால் அவ்வளவு வினாகிரி கட்டுபடியாகாது. கடைகளில் கிடைக்கும் சித்திரிக் அமிலத் தூளை லீற்றருக்கு 50 கிராம் என்ற அளவில் கரைத்தால் ஒன்றரைக் கிலோ போதும். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை உள்ளே பாருங்கள்; தகடு சாம்பல் நிறமாகத் தெரிந்தவுடன் வெளியே ஊற்றிவிடுங்கள், அதற்கு மேல் ஊறினால் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். பித்தளை விளக்கைப் புளியால் விளக்குகிற எங்கள் வீடுகளில் தாங்கிக்கும் புளிக்கரைசல் விடலாமா என்று கேட்பார்கள். புளிப்பு போதுமானதுதான், ஆனால் நாரும் சக்கையும் உள்ளே தங்கிவிடும், வேண்டாம்.

கழிப்பறை கழுவும் கடுமையான அமிலத்தை ஒருபோதும் விட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் எனது காரின் தாங்கியைச் சுத்தம் செய்யக் கொடுத்த ஒரு பட்டறையில் அதை விட்டு ஓர் இரவு வைத்துவிட்டார்கள். காலையில் வெள்ளிபோல மின்னிக்கொண்டு வந்தது தாங்கி. மூன்றாம் நாள் கொட்டில் நிலத்தில் ஏழு இடத்தில் ஈரம். கறள் அடைத்து வைத்திருந்த ஊசித் துளைகளைத் திறந்ததோடு, திடமாக இருந்த தகட்டையும் அமிலம் தின்றிருந்தது. அந்தத் தாங்கியை இழந்த கவலை எனக்கு இன்றும் உண்டு.

இரண்டாவது வழி மின்பகுப்பு. நான் விரும்புவது இதையே, ஏனெனில் இது கறளை மட்டுமே எடுக்கும், நல்ல இரும்பைத் தொடாது. நான்கு லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா என்ற அளவில் கரைத்துத் தாங்கியை நிரப்புங்கள். வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய முறுக்குக் கம்பித் துண்டொன்றை, அளவுமானித் துவாரத்தில் மரக்கட்டையோ றப்பரோ வைத்து, தாங்கியின் எந்தப் பகுதியிலும் முட்டாமல் உள்ளே தொங்கவிடுங்கள். 12 வோல்ற் பற்றறி சார்ஜரின் மறை முனையைத் தாங்கியிலும், நேர் முனையைக் கம்பியிலும் கொடுங்கள். இதை மாற்றிக் கொடுத்தால் கம்பிக்குப் பதிலாகத் தாங்கி கரையும். ஆகவே சுவிச்சைப் போடுவதற்கு முன் இன்னொருவரையும் அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய வகைச் சார்ஜர்கள் பற்றறி இணைக்காவிட்டால் வேலை செய்யாது. அதற்குப் பழைய பற்றறி ஒன்றை இடையில் இணைக்க வேண்டும். நுரைத்து வரும் குமிழிகளில் தீப்பற்றும் ஐதரசன் வாயு உண்டு. ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள், பீடி சிகரெட் அருகில் வரக் கூடாது, கிளிப்பை எடுக்குமுன் சுவிச்சை நிறுத்துங்கள். கறையில்லா உருக்குக் கம்பியைப் பயன்படுத்த வேண்டாம், அது நச்சுக் குரோமியத்தை நீரில் விடும். சோடாவுக்குப் பதில் உப்பும் போட வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும். மணிக்கணக்கில் ஓட, முறுக்குக் கம்பியில் பழுப்பு நிறச் சேறு தடிப்பாக ஏறும்; எடுத்துச் சுரண்டி மீண்டும் விடுங்கள். உள்ளே சிவப்பு மறைந்து, கையால் துடைத்தால் வரும் கறுப்புப் படிவு மட்டும் இருக்கும்போது வேலை முடிந்தது. தடுப்புத் தகட்டின் பின்புறத்தைக் கம்பி 'காணாது' என்பதால், துவாரத்தை மாற்றி மறுபடி ஒரு தடவை வைக்க வேண்டும்.

பலர் இவ்வளவும் செய்துவிட்டு அடுத்த ஒரு மணித்தியாலத்தில் கோட்டை விடுகிறார்கள். சுத்தமான இரும்பு ஈரத்தோடு காற்றுப் பட்டால் நிமிடங்களில் மஞ்சளாகக் கறள் கட்டும். அமிலம் விட்டவர்கள் அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவிப் புளிப்பைப் போக்க வேண்டும். கடைசிக் கழுவலுக்குக் கிணற்று நீர் வேண்டாம்; கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பும், கரையோரங்களில் உப்பும் அதில் உண்டு. சேமித்த மழைநீர் சிறந்தது. உடனே கால் போத்தல் மெதிலேற்றட் ஸ்பிரிற் விட்டு உருட்டினால் மிஞ்சிய நீரை அது வாரிக்கொண்டு வரும். ஸ்பிரிற்றும் தீப்பற்றும் என்பதால் அதை ஊற்றிக் காற்றாட விட்ட பின்னரே தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடான காற்றை விடுங்கள். காய்ந்ததும், ஒரு லீற்றர் பெற்றோலில் 100 மில்லிலீற்றர் இரண்டடி (ரூ ஸ்ரோக்) இயந்திர எண்ணெய் கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். சோளகக் காற்று வீசும் ஆடி, ஆவணியில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் காய்ச்சும் வேலையை வெயிலே பார்த்துக்கொள்ளும்.

தாங்கியை மட்டும் சுத்தம் செய்து பூட்டினால் மறுபடியும் நடு வீதியில் நிற்பீர்கள். பம்பிலிருந்து தாங்கி வரை போகும் குழாயைப் பின்பக்கமாக ஊதுங்கள். பம்பின் வலைவடியையும் காபரேற்றர் கிண்ணத்தையும் அதில் உள்ள ஊசி வால்வையும் கழுவுங்கள். தாங்கிக்கும் பம்புக்கும் இடையில், உள்ளே தெரியும் கண்ணாடி நிறப் பில்ரர் ஒன்றைப் போட்டு, முதல் 100 கிலோமீற்றருக்குள் அடிக்கடி பாருங்கள். கொஞ்சம் பழுப்பு நிறம் வருவது இயல்பு. இரண்டாவது பில்ரரிலும் அதே அளவு வந்தால் தாங்கியை மறுபடி இறக்க வேண்டும். எல்லாம் சரியான பிறகு முதல் ஓட்டத்தில் அப்பாவை முன் சீற்றில் இருத்துங்கள். பம்பின் ஓசையை அவர் எங்களை விட நன்றாக அறிவார்.

கேள்வி: எனது கணவர் விட்டுச் சென்ற ஒஸ்ரின் அரைத்தொன் பிக்கப்பில்தான் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறேன். தாங்கியின் அடியில் பெற்றோல் கசிகிறது. சவர்க்காரம் தேய்த்து அடைத்திருக்கிறேன். தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வெல்டிங் பிடிக்கலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா? (முள்ளியவளை வாசகி)

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. சவர்க்காரம் பெற்றோலில் கரையாது என்பதால் நீங்கள் செய்த அடைப்பு வீடு வந்து சேரும் வரை உதவும். அதற்கு மேல் நம்ப வேண்டாம், மழைநீர் பட்டால் அது கழுவுப்பட்டுவிடும்.

வெறுமையான பெற்றோல் தாங்கி நிறைந்த தாங்கியை விட ஆபத்தானது. காற்றில் பெற்றோல் ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கலந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். நீர் விட்டுக் கழுவினால் மணம் குறையும், ஆனால் கறள் செதில்களுக்குள்ளும் மடித்த விளிம்புகளுக்குள்ளும் ஊறிய பெற்றோல் போகாது. வெல்டிங் சூடு பட்டதும் அது ஆவியாகி வெளியே வரும். பட்டறைகளில் தாங்கி வெடித்துக் காயப்பட்டவர்களின் கதை பெரும்பாலும் "நன்றாகக் கழுவித்தான் இருந்தோம்" என்றே தொடங்குகிறது.

ஓட்டை ஊசி முனையளவு என்றால், றேடியேற்றர் ஒட்டும் அனுபவம் உள்ளவரிடம் ஈயம் வைக்கச் சொல்லுங்கள். தாங்கியைப் பலமுறை கழுவி, ஓட்டை மேலே வரும்படி திருப்பி, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை நீர் நிரப்பி, வேறிடத்தில் சூடாக்கிய செப்புச் சூட்டுக்கோலால் ஒட்டுவதே முறை. தாங்கியின் அருகே சுவாலை வரவே கூடாது. அதற்கு முன் ஓட்டையைச் சுற்றியுள்ள தகட்டைக் கூரிய ஆணியால் மெல்லக் குத்திப் பாருங்கள். ஆணி இலகுவாக உள்ளே போனால் ஒட்டுவதில் பயனில்லை. ஒன்று ஒட்ட இன்னொன்று திறக்கும். அப்படியானால் வேறு தாங்கி தேட வேண்டியதுதான். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் பழைய ஒஸ்ரின் உதிரிப்பாகங்கள் கிடைக்கலாம். வெளியே பூசிய புதிய பெயின்ற்றைப் பார்த்துக் காசைக் கொடுக்காமல், அளவுமானித் துவாரத்தால் உள்ளே விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது வரும் வரை தாங்கியைக் கால்வாசிக்கு மேல் நிரப்பாமல், வண்டியை வீட்டுச் சமையலறைப் பக்கம் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கறளைச் சுரண்டிவிட்டு உள்ளே பைபர் வேலைக்குப் பயன்படும் பசையை ஊற்றி உருட்டினேன். ஆறு மாதத்தில் தோல் தோலாக உரிந்து குழாயை அடைக்கிறது. மேலே இன்னொரு பூச்சு விடலாமா? (நெடுங்கேணி வாசகர்)

பதில்: விட வேண்டாம். கறளின் மேல் பூசிய பூச்சு கறளைத்தான் பிடித்திருக்கிறது, தகட்டை அல்ல. கறள் உதிரும்போது அதுவும் சேர்ந்து உதிர்கிறது. பைபர் படகு வேலைக்குப் பயன்படும் பசை எல்லாமே பெற்றோலைத் தாங்குவதும் இல்லை. உரிந்ததை முழுவதும் எடுக்காமல் எந்த வேலையும் பயன் தராது. எடுப்பதோ மிகக் கடினம். உங்கள் நிலையில், தாங்கியின் மேற்தட்டை வெட்டித் திறந்து சுத்தம் செய்து மூடத் தெரிந்த, எரிபொருள் தாங்கி வேலையிலேயே அனுபவமுள்ள ஒருவரைத் தேடுங்கள், அல்லது வேறு தாங்கி வாங்குங்கள். பெற்றோல் தாங்கிக்கென்றே விற்கும் பூச்சுகளையும், கறள் ஒரு துளியும் இல்லாத, முற்றாகக் காய்ந்த தகட்டில் மட்டுமே நான் சிபாரிசு செய்வேன். தகடு அவ்வளவு நன்றாக இருந்தால் பெரும்பாலும் பூச்சே தேவைப்படாது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து மகன் வரும்போது மட்டும் ஓடும் கார் இது. நிறுத்தி வைக்கும்போது தாங்கியை நிரப்பி வைப்பதா, வெறுமையாக்குவதா? இறக்கிய பழைய பெற்றோல் பத்து லீற்றர் உண்டு, என்ன செய்யலாம்? (மாங்குளம் வாசகர்)

பதில்: மூன்று நான்கு மாதம் என்றால் கழுத்து வரை நிரப்பி வையுங்கள். காற்று நிற்க இடமில்லாத தாங்கியில் ஈரமும் சேராது. புரட்டாதி முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். ஓராண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பெற்றோல் கெட்டுப் பிசினாகிவிடும். முழுவதும் இறக்கி, முதற் கேள்விக்குச் சொன்னபடி இரண்டடி எண்ணெய் கலந்த பெற்றோலைச் சிறிது விட்டு உருட்டி, வடித்துவிட்டு மூடி வையுங்கள்.

பழைய பெற்றோலை மண்ணில் ஊற்ற வேண்டாம். அது கீழே இறங்கிக் கிணற்று நீரில் கலந்தால் ஆண்டுக்கணக்கில் அந்த நீர் குடிக்க உதவாது. பக்கத்து வளவுக் கிணறும் தப்பாது. மணம் மாறாமல் தெளிவாக இருந்தால், ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் உள்ள நீரையும் தூளையும் விட்டு மேலாக வடித்து, புதிய பெற்றோல் பத்துப் பங்குக்கு இது ஒரு பங்கு என்று கலந்து பழைய இயந்திரங்களில் எரிக்கலாம். வார்னிஷ் மணம் வந்துவிட்டால், கழிவு எண்ணெய் சேகரிக்கும் கராச் ஒன்றில் உலோகக் கானோடு ஒப்படையுங்கள். குப்பை கொளுத்தவும் அதை எடுக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கானை மண்ணெண்ணெய்க் கான் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டாம். மாறி விளக்கிலோ அடுப்பிலோ ஊற்றப்பட்டால் வீடே எரியும். கானின் மேல் சிவப்புப் பெயின்ற்றால் 'பெற்றோல்' என்று இன்றே பெரிதாக எழுதிவிடுங்கள்.